பிறவி இதயக் குறைபாடுடைய குழந்தையின் தாய்க்கு ஆறுதல்: மெய்ப்பாட்டியல் கூறும் அழுகையின் வழி ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

கடுமையான இதயக் குறைபாட்டுடன் குழந்தை பிறக்கும்போது மருத்துவமனையின் கவனமும் குடும்பத்தின் கவனமும் குழந்தையின்பால் குவிகின்றன. தாயின் துயரம் இயல்பானதென்று ஒதுக்கப்படுகிறது. அல்லது ‘அழாதே’ என்னும் ஒரு சொல்லால் அடைக்கப்படுகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு வகுத்துள்ள இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கு நிலைக்களன்களைக் கொண்டு இத்துயரத்தைப் பகுத்துக் காணவும், ஒவ்வொன்றுக்கும் உரிய ஆறுதல் வேறுவேறாக அமைவதை விளக்கவும் இக்கட்டுரை முற்படுகிறது. தமிழ்ச் சூழலில் இளிவே முதலில் தீர்க்கப்பட வேண்டியது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: பிறவி இதயக் குறைபாடு, தாய்மை, மெய்ப்பாடு, அழுகை, இளிவு, ஆற்றுப்படுத்தல், உளநலம்.

முன்னுரை

உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ எட்டு முதல் பத்துக் குழந்தைகளுக்கு இதயத்தின் அமைப்பில் பிறவிக் குறைபாடு உள்ளது. இவற்றுள் பல எளியவை. சிறு துளைகள் சில ஆண்டுகளில் தாமாகவே மூடிக்கொள்வதும் உண்டு. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடுமையானவை. முதல் ஆண்டிற்குள், சிலவற்றில் முதல் சில நாட்களுக்குள்ளேயே, அறுவை சிகிச்சையோ பிற தலையீடோ தேவைப்படுபவை. 1944ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹெலன் டவுசிக், ஆல்ஃபிரட் பிளேலாக், விவியன் தாமஸ் ஆகியோர் உழைப்பால் நடைபெற்ற ‘நீலக் குழந்தை’ அறுவைக்குப் பின் இத்துறை அடைந்துள்ள வளர்ச்சி பெரிது. முன்னர் உயிர் பிழைக்க வழியில்லாதிருந்த குழந்தைகள் பலர் இன்று வளர்ந்து பெரியவர்களாகின்றனர்.

குழந்தையைக் காக்கும் கலை வளர்ந்த அளவிற்குத் தாயைத் தேற்றும் கலை வளரவில்லை. கடுமையான இதயக் குறைபாடுடைய குழந்தைகளின் பெற்றோர் குறித்த ஆய்வுகளைத் தொகுத்து 2017ஆம் ஆண்டில் வெளிவந்த மதிப்பாய்வு ஒன்று, அவர்களுள் 25 முதல் 50 விழுக்காட்டினரிடம் குறிப்பிடத்தக்க மனச்சோர்வு அல்லது பதற்ற அறிகுறிகளும், 30 விழுக்காடு வரையினரிடம் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கு ஒத்த அறிகுறிகளும் இருப்பதைக் காட்டுகிறது. இவை பெரும்பாலும் மேலைநாட்டுச் சூழலில் திரட்டப்பட்ட தரவுகள். அந்நாட்டுத் தாயும் தமிழ்நாட்டுத் தாயும் ஒரே செய்தியைக் கேட்டாலும், அச்செய்தியைச் சூழ்ந்து எழும் சொற்கள் ஒன்றல்ல.

அழுகையின் நான்கு நிலைக்களன்கள்

எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறும் தொல்காப்பியர், அழுகை தோன்றுவதற்குரிய களங்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கினைச் சுட்டுகிறார். உரையாசிரியர் பேராசிரியர் விளக்கத்தின்படி, இளிவு என்பது பிறரால் இகழப்பட்டு எளிமைப்படுதல். இழவு என்பது உற்றாரையும் இன்பம் தருவனவற்றையும் இழத்தல். அசைவு என்பது முன்னைய நிலை கெட்டு வேறொரு நிலையில் வருந்துதல். வறுமை என்பது பற்றிருந்தும் நுகரப்பெறாத உள்ளநிலை. இலக்கியச் சுவையை ஆராய எழுந்த பகுப்பினை மருத்துவமனைக்குள் கொண்டுவருவது பொருந்துமா என்னும் ஐயம் எழலாம். நோய் கண்டறியும் கருவியாக இஃது இங்கே கொள்ளப்படவில்லை. அழும் தாயின் முன் நிற்பவர் ‘இவ்வழுகை எதனால் எழுகிறது’ என்று வினவக் கற்றுக்கொள்ளவே இப்பகுப்புப் பயன்படுகிறது. மேலை உளவியலில் டிரோட்டார் குழுவினர் 1975இல் குறைபாடுடைய குழந்தையைப் பெற்றோரின் மனநிலையை அதிர்ச்சி, மறுப்பு, துயரமும் சினமும், சமநிலை, மறுசீரமைப்பு என ஐந்து படிகளாக வகுத்தனர். அது காலவரிசை. தொல்காப்பியப் பகுப்போ காரணவரிசை. ஆறுதல் கூறுவோருக்குக் காரணமே முதலில் தேவைப்படுகிறது.

இளிவு: ‘குறை’ என்னும் சொல்லின் இரு முகங்கள்

தமிழில் குழந்தையின் உடலமைப்பில் உள்ள பழுதைக் குறிக்கும் ‘குறை’ என்னும் சொல்லே பழித்தலையும் குறிக்கிறது. ‘குழந்தைக்குக் குறை இருக்கிறது’ என்பதற்கும் ‘உன்மேல் குறை சொல்கிறார்கள்’ என்பதற்கும் இடையே தாயின் செவியில் தொலைவு மிகக் குறைவு. குறைபாட்டை மருத்துவர் அறிவித்த அன்றே குடும்பத்தில் விசாரணை தொடங்கிவிடுகிறது. “மாசமா இருந்தப்ப கிரகணத்துல வெளியே போனியா?”, “எங்க பரம்பரையில யாருக்கும் இப்படி இல்லையே”, “சொல்லச் சொல்லக் கேக்காம பஸ்ல வேலைக்குப் போனா” என்னும் வாக்கியங்கள் நம் வீடுகளுக்குப் புதியவை அல்ல. இவற்றைச் சொல்பவர்கள் கொடியவர்கள் என்று கொள்ளவேண்டியதில்லை, அவர்களும் அஞ்சியிருக்கிறார்கள், அச்சம் ஒரு காரணத்தைத் தேடுகிறது, அக்காரணம் அருகில் படுத்திருக்கும் தாயிடம் எளிதில் கிடைத்துவிடுகிறது. பிறர் கேளாவிட்டாலும் தாய் தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறாள். உண்ட மாத்திரை, தூக்கிய குடம், கணவனுடன் இட்ட சண்டை என ஒன்பது மாதங்களையும் இரவெல்லாம் எண்ணிப் பார்க்கிறாள்.

இங்கே மருத்துவ அறிவே முதல் ஆறுதலாகிறது. கருவின் இதயக்குழல் கருவுற்ற 22ஆம் நாள் அளவில் துடிக்கத் தொடங்குகிறது. அறைகளும் வால்வுகளும் பெருநாளங்களும் பிரிந்து அடிப்படை அமைப்பைப் பெறுவது மூன்றாம் வாரத்திற்கும் எட்டாம் வாரத்திற்கும் இடையில். மாதவிலக்கு தள்ளிப்போனதை ஒரு பெண் உணரும் வேளையிலேயே இதயம் உருவாகத் தொடங்கிவிடுகிறது. ஐந்தாம் மாதத்துக் கிரகணமோ ஏழாம் மாதத்துப் பேருந்துப் பயணமோ இரண்டாம் மாதத்தில் அமைந்துவிட்ட நாளங்களை இடம் மாற்ற இயலாது. இந்த ஒரு விளக்கம், மாமியாரும் உடனிருக்கும்போது, தேதிகளை விரல்விட்டு எண்ணிக் காட்டிச் சொல்லப்படுமாயின் வீட்டின் விசாரணை பெரும்பாலும் வலுவிழந்துவிடும். தாயிடம் தனியே சொல்வது மட்டும் போதாது. இளிவு பிறரால் நிகழ்வது. ஆதலின் அதற்கான மருந்தும் அப்பிறர் முன்னிலையில்தான் தரப்பட வேண்டும்.

“அம்மா, இது நீங்க செஞ்சதாலயோ செய்யாம விட்டதாலயோ வந்ததில்லை” என்னும் வாக்கியத்தைப் பெரும்பாலான தாய்மாரிடம் உண்மை பிறழாமல் கூறமுடியும். பெரும்பாலான குறைபாடுகளுக்குத் தனியொரு காரணம் புலப்படுவதில்லை. எனினும் எல்லாத் தாயரிடமும் இவ்வாக்கியத்தை அப்படியே ஒப்பிக்க இயலாது என்பதையும் நேர்மையாகக் குறிப்பிடவேண்டும். கருவுறுமுன்பே இருந்து கட்டுப்படாத நீரிழிவு, கருவின் தொடக்க மாதங்களில் தாக்கும் ரூபெல்லா, சில மருந்துகள், குரோமோசோம் மாற்றங்கள் ஆகியன அறியப்பட்ட காரணங்கள். டவுன் நோய்க்குறியுடைய குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இதயக் குறைபாடு காணப்படுகிறது. நெருங்கிய உறவில் மணம் புரிந்தோர் குழந்தைகளிடம் இக்குறைபாடு மிகுதி என்றும் பல ஆய்வுகள் கூறுகின்றன. மாமன் மகனையோ தாய்மாமனையோ மணந்த ஒரு பெண்ணிடம் இதனை எவ்வாறு கூறுவது? அம்மணத்தை அவள் மட்டும் முடிவு செய்யவில்லை. மரபணுவை அவள் மட்டும் தரவில்லை. ‘இருவரிடமிருந்தும்’ என்னும் சொல்லைச் சேர்த்துச் சொல்லும்போது உண்மையும் காக்கப்படுகிறது, இளிவும் குறைகிறது. காரணம் வேறு, குற்றம் வேறு என்னும் இந்தப் பிரிப்பே தாய்க்கு மிகவும் தேவையானது.

‘ஓட்டை’ என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. புறநோயாளர் பிரிவுகளில் எல்லா வகைக் குறைபாட்டையும் ‘இதயத்துல ஓட்டை’ என்று கூறிவிடும் வழக்கம் உள்ளது. பெருநாளங்கள் இடம் மாறியிருக்கும் குறைபாட்டில் அடிப்படைச் சிக்கல் ஓட்டையே அன்று. அங்கே அறைகளுக்கு இடையில் ஒரு துளை இருப்பதால்தான் குழந்தை சில நாட்கள் பிழைத்திருக்கிறது. இடப்பக்க இதயம் வளர்ச்சியுறாத குறைபாட்டில் அறையே சிறுத்துப் போயிருக்கிறது. ஒரே சொல் எல்லாவற்றிற்கும் வழங்கும்போது, “பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஓட்டை தானா மூடிடுச்சு” என்னும் ஆறுதல் நுழைந்து அறுவையைத் தள்ளிப்போடச் செய்யும். பின்னர் நிலை முற்றினால் அந்தத் தாமதமும் தாயின் கணக்கிலேயே எழுதப்படும். ஒரு தாளில் இதயத்தை வரைந்து, நீலநிறத்திலும் செந்நிறத்திலும் குருதியின் வழியைக் காட்டி, அத்தாளையே தாயின் கையில் கொடுத்தனுப்பும் மருத்துவர், நீண்ட பேச்சினும் மிகுதியான ஆறுதலைத் தருகிறார் எனலாம். உறவினர் கேட்கும்போது அவளுக்குக் காட்ட ஒன்று கிடைக்கிறது.

இழவு: இருக்கும் குழந்தைக்காகவும் இல்லாத குழந்தைக்காகவும்

குழந்தை உயிரோடிருக்கையில் இழவு எங்ஙனம் என்று கேட்கலாம். வளைகாப்பில் எதிர்பார்க்கப்பட்ட, தாய்வீட்டிலிருந்து நாற்பது நாள் கழித்து எடுத்துச் செல்லப்படவிருந்த குழந்தை ஒன்று இருந்தது. பிறந்திருப்பது வேறொரு குழந்தை. முன்னதற்கான துக்கத்தை வெளிப்படுத்தினால் பின்னதை விரும்பாதவள் என்னும் பழி வரும். இதனால் இத்துயரம் பேசப்படாமலே தங்கிவிடுகிறது. சைமன் ஓல்ஷான்ஸ்கி 1962இல் ‘நீடித்த துயரம்’ என்று பெயரிட்டது இதனோடு தொடர்புடையது. அது நோயன்று, குறைபாடுடைய குழந்தையின் பெற்றோரிடம் இயல்பாக அமைந்து, ஒவ்வொரு பருவமாற்றத்திலும் மீண்டும் தலைகாட்டுவது என்பது அவர் கருத்து. ஆகவே ஓராண்டு கழித்து அழும் தாயிடம் “இன்னுமா?” என்று கேட்பது அறியாமையாகும்.

கருவிலேயே குறைபாடு அறியப்படும்போது இழவு வேறொரு வடிவம் கொள்கிறது. 18 முதல் 22 வாரங்களில் எடுக்கப்படும் ஸ்கேனிலும் அதைத் தொடரும் கரு எக்கோ சோதனையிலும் கடுமையான குறைபாடுகள் பலவற்றைக் காணமுடிகிறது. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் இந்தியச் சட்டம், கருவில் கடும் குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் கண்டறியுமாயின் 24 வாரங்களுக்குப் பின்னரும் கருக்கலைப்புக்கு இடம் தருகிறது. சட்டப்படி இசைவு தரவேண்டியவள் அப்பெண்ணே. நடைமுறையில் முடிவு கூடத்தில் அமர்ந்திருக்கும் பெரியவர்களால் எடுக்கப்பட்டு அவளிடம் அறிவிக்கப்படுவதும் உண்டு. எந்த முடிவாயினும் அது தன்னைக் கேட்டு எடுக்கப்பட்டது என்னும் நினைவு பிற்காலத்தில் அவளைத் தாங்கும். அவளைக் கணவனுடன் தனியே அமரவைத்து, அறுவையின் வாய்ப்புகளைக் கூறி, ஓரிரு நாள் அவகாசம் அளிப்பது இந்நிலையில் செய்யத்தக்கது.

அசைவு: பால் கட்டிய மார்பும் கண்ணாடிக்கு அப்பாலுள்ள குழந்தையும்

தமிழ்நாட்டில் அடிக்கடி நிகழும் ஒரு காட்சியை எண்ணிப் பார்க்கலாம். மாவட்ட மருத்துவமனையில் அறுவைப் பிரசவம். இரண்டாம் நாள் குழந்தை நீலம் பாரிக்கிறது. கருக்கால நாளம் மூடிவிடாதிருக்கப் புராஸ்டாகிளாண்டின் மருந்தைச் சொட்டு மருந்தாக ஏற்றியபடி ஆம்புலன்ஸ் பெருநகரத்துக்கு விரைகிறது. உடன் செல்பவர் தந்தை. தையல் ஆறாத தாய், மற்றக் குழந்தைகள் அழும் பிரசவ விடுதியிலேயே தங்கிவிடுகிறாள். நேற்றுவரை எல்லோராலும் பேணப்பட்ட கருவுற்ற பெண் இன்று கையில் குழந்தையில்லாத பிள்ளைத்தாய்ச்சி. பேராசிரியர் கூறும் அசைவுக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. இவ்வேளையில் “அழுதா பால் வத்திடும்” என்னும் எச்சரிக்கை, அழுகையையும் ஒரு குற்றமாக்கிவிடுகிறது.

இவளுக்கு ஆறுதல் சொல்லால் வருவதைவிடச் செயலால் வருவது மிகுதி. பிரசவ விடுதியில் வேறு மூலையில் படுக்கை. நாள்தோறும் குறித்த வேளையில் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. கறந்த பாலைச் சேமிக்கக் கற்றுத்தரும் ஒரு செவிலியர். குழாய் வழியே குழந்தைக்குச் செல்லும் அந்தச் சிறிதளவு பாலே தாய் ஒருத்தியால் மட்டும் தரக்கூடியது. செயற்கைச் சுவாசக் கருவி பொருத்தப்பட்ட குழந்தையின் எப்பகுதியைத் தொடலாம் என்று காட்டிக்கொடுப்பதும் சிறிய செயல் அன்று. குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் தாயர்க்கு, குழந்தையின் நடத்தை எவ்வாறு மாறும், அவர்கள் என்ன செய்யலாம் என்பவற்றை முன்கூட்டியே கற்பித்த மெல்னிக் குழுவினரின் ஆய்வு (2004), அத்தாயரிடம் பின்னாளில் மனத்துயர அறிகுறிகள் குறைந்திருந்ததைக் காட்டியது.

பாலூட்டுதல் தனித்துப் பேசத்தக்கது. இதயம் சோர்ந்த குழந்தை சில வாய் உறிஞ்சியதும் களைக்கிறது, நெற்றி வியர்க்கிறது, உறங்கிவிடுகிறது, எடை ஏறுவதில்லை. காண்போர் ‘தாய்ப்பால் பத்தவில்லை’ என்று முடிவு கட்டுவர். உண்மையில் அக்குழந்தைக்குப் பால் குடிப்பது மாடிப்படி ஏறுவதைப் போன்ற உழைப்பு. இவ்வோர் உவமையைத் தாயிடமும் பாட்டியிடமும் கூறிவிட்டால், பழி தாயின் மார்பிலிருந்து நீங்குவதோடு, வியர்வை மருத்துவரிடம் சொல்லவேண்டிய அறிகுறி என்னும் அறிவும் உடன் சேர்கிறது.

வீடு திரும்பும் நாளை எல்லோரும் மகிழ்ச்சியான நாளாகக் கருதுகின்றனர். பல தாயர்க்கு அதுவே பெரும் அச்சம் தருவது. கருவிகள் காத்த உயிரை இனித் தான் ஒருத்தி காக்கவேண்டும். மார்பெலும்பு கூடும் ஏறத்தாழ ஆறு வாரங்கள் குழந்தையை அக்குளில் பிடித்துத் தூக்காமல், தலைக்கும் பிட்டத்திற்கும் அடியில் கைகொடுத்து ஏந்தவேண்டும் என்பதைச் சொல்லிவிட்டால் மட்டும் போதாது. விடுதியிலேயே அவளை ஏந்தச் செய்து பார்க்கவேண்டும். படிநிலை அறுவைகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் வீட்டிலேயே நாள்தோறும் எடையும் ஆக்சிஜன் அளவும் குறிக்கச் செய்யும் முறை அமெரிக்காவின் மில்வாக்கியில் தொடங்கிப் பரவியது. அது குழந்தைகளின் உயிரைக் காத்தது. அதே முறை தாயின் உறக்கத்தை எண்களிடம் அடகு வைப்பதும் உண்டு. எந்த எண்ணில் அஞ்சவேண்டும், யாரை அழைக்கவேண்டும், எந்த எண்ணைப் பார்த்த பின் உறங்கலாம் என மூன்றையும் எழுதித் தரவேண்டும். மூன்றாவது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. குணமான பின்னும் குழந்தையை அழவிடவும் தவழவிடவும் அஞ்சும் நிலையை கிரீனும் சால்னிட்டும் 1964இல் விளக்கியுள்ளனர். அதைத் தாயின் மிகையன்பு என்று நகையாடுவது எளிது. ‘இனி அழலாம், ஓடலாம்’ என்று மருத்துவர் வாய்திறந்து கூறாதவரை அவளுக்கு வேறு வழியில்லை.

வறுமை

பொருள் வறுமையைப் பொறுத்தவரை நிலை முன்னைவிட மேம்பட்டுள்ளது. 2013இல் தொடங்கப்பெற்ற தேசியச் சிறார் நலத் திட்டம் பிறவிக் குறைபாடுகளைக் கண்டறிந்து சிகிச்சைக்கு அனுப்புகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதய அறுவைகள் அடங்குகின்றன. அண்டைக் கேரளத்தில் 2017 முதல் ‘ஹிருதயம்’ திட்டம் குழந்தைகளைப் பதிவு செய்து அறுவைக்கு வழிப்படுத்துகிறது. எனினும் காப்பீடு தங்கும் செலவையும் தந்தை இழக்கும் கூலியையும் ஈடுசெய்வதில்லை. ஊரில் விடப்பட்ட மூத்த குழந்தையின் ஏக்கத்திற்கும் அதில் இடமில்லை. பேராசிரியர் வறுமைக்குத் தந்த பொருளும் இங்கே நினைக்கத்தக்கது: தன் குழந்தை கைக்கெட்டும் தொலைவிலிருந்தும் தூக்கவும் ஊட்டவும் இயலாதவள், பற்றிருந்தும் நுகரப்பெறாதவளே. அவ்வறுமைக்குத் தேவைப்படுவது ஒரு நாற்காலியும், பார்வை நேரத்தில் சிறிது தளர்வும்.

ஆற்றுதல்: யார், எப்போது

புண் ஆறுதல், பால் ஆறுதல், மனம் ஆறுதல் ஆகிய அனைத்திற்கும் தமிழில் வினை ஒன்றே. ஆறுவதற்குக் காலம் வேண்டும் என்பது அவ்வினைக்குள்ளேயே அடங்கியுள்ளது. ஈழத் தமிழில் ‘கவுன்சலிங்’ என்பதற்கு வழங்கும் உளவளத்துணை, ஆற்றுப்படுத்தல் ஆகிய சொற்கள் இப்பொருளை நன்கு ஏந்துகின்றன. தமிழ்நாட்டில் பரவலாக வழங்கும் ‘ஆலோசனை’, அறிவுரை கூறுதலையே முன்னிறுத்துகிறது. சொல்வழக்கின் இவ்வேறுபாடு பணியின் இயல்பையும் ஓரளவு தீர்மானிக்கிறது. அறிவுரையால் நிரம்பிய தாய்க்கு மேலும் ஓர் ஆலோசகர் தேவையில்லை.

பெல்ஃபாஸ்ட் நகரில் கடும் இதயக் குறைபாடுடைய குழந்தைகளின் தாயர்க்கென மெக்கஸ்கர் குழுவினர் நடத்திய தொடக்கநிலைத் தலையீடு (2010) இங்கே குறிப்பிடத்தக்கது. உளவியலாளரும் இதயநோய்ச் செவிலியரும் இணைந்து, தாயின் கவலைகளுக்குச் செவிகொடுத்து, பாலூட்டலிலும் குழந்தையோடு விளையாடுவதிலும் துணைநின்றனர். தாயரின் கவலை குறைந்ததோடு, பாலூட்டலும் ஆறாம் மாதத்தில் குழந்தைகளின் மனவளர்ச்சியும் மேம்பட்டிருந்தன. தாயைத் தேற்றுவது குழந்தைக்கான சிகிச்சையின் ஒரு பகுதி என்பதற்கு இதனினும் நேரான சான்று வேண்டுவதில்லை.

தேற்ற இயலாத நிலையையும் கண்டறியவேண்டும். ஜான் காக்ஸ் முதலியோர் 1987இல் வெளியிட்ட எடின்பரோ அளவுகோல் பத்து வினாக்களைக் கொண்டது. அதன் தமிழ் வடிவம் ஆய்வு செய்யப்பட்டுப் பயன்பாட்டில் உள்ளது. மூன்றாம் வினா தேவையின்றித் தன்னையே பழித்துக்கொள்வதைப் பற்றியது. இளிவு அங்கே ஒரு மதிப்பெண்ணாகப் பதிவாகிறது. பத்தாம் வினா தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதற்கு ‘ஆம்’ என்னும் பொருள்பட எந்த விடை வந்தாலும், மொத்த மதிப்பெண்ணை நோக்காமல் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். குழந்தையின் எக்கோ சோதனைக்காகத் தாய் காத்திருக்கும் நேரத்திற்குள் இவ்வினாக்களைக் கேட்டு முடித்துவிடலாம்.

எல்லாக் குழந்தைகளும் வீடு திரும்புவதில்லை. நம் வழக்கத்தில் பச்சிளங்குழந்தையைப் புதைப்பர். தாயைப் பெரும்பாலும் உடன் அழைத்துச் செல்வதில்லை. “இன்னொண்ணு பெத்துக்கலாம், விடு” என்பர், படங்களை அழித்துவிடுவர், பெயரிடாத குழந்தைக்குப் பெயரும் இல்லாது போகும். குழாய்களை அகற்றிய பின் குழந்தையைத் துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்து, அவள் விரும்பும் நேரம்வரை வைத்திருக்க விடுவதும், கேட்டால் தரும்பொருட்டு ஒரு காலடித் தடத்தைத் தாளில் எடுத்து வைப்பதும் எந்த விடுதியிலும் இயல்பவை. பால் சுரப்பு நிற்க மேலும் சில நாட்கள் ஆகும் என்பதையும், வலித்தால் என்ன செய்யவேண்டும் என்பதையும் அன்றே யாரேனும் அவளிடம் சொல்லியாகவேண்டும். அந்நாட்களில் அவளிடம் இதைக் கேட்க எவரும் வருவதில்லை.